பன்னிரண்டு மணி நேரம் கரையும் மாத்திரை

காலை ஏழு மணி என்றால் எனக்கு இன்னமும் பயம். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் யாராவது தம்ளரை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டால்கூடக் கையில் இருப்பதை வைத்துவிட்டு மணி பார்க்கிறேன். என் கணவர் சுப்புராயன் உயிரோடு இருந்த கடைசி இருபத்திரண்டு நாளும் அந்த ஏழு மணிக்குத்தான் ஒரு மாத்திரையை வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு ஒன்பது மணி வரை நான் அவர்மேலிருந்து கண்ணை எடுக்கமாட்டேன். மாத்திரை நல்ல மாத்திரைதான். அதற்குச் சான்றிதழ் இருக்கிறது. அது இப்போது எங்கள் வீட்டில், அவருடைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பதினெட்டு வருஷம் உறுவையாறு அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தவள் நான். பதிவேடு எழுதிப் பழக்கம் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வில்லியனூர் போகும் சாலையில், மூடிக்கிடந்த அரிசி ஆலைக் கட்டடத்தில் ‘இயற்கைப் பிசின் மருந்தாய்வு மையம்’ என்று ஒரு பலகை ஏறியது. மரத்தில் வடியும் பிசினைச் சேர்த்து மாத்திரை செய்தால் மருந்து வயிற்றில் ஒரேயடியாகக் கரையாது. பிசின் ஊறி உப்பி மருந்தைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்பது அவர்களுடைய ஆராய்ச்சி. அதில் தப்பு ஒன்றுமில்லை. முகாமில் அதை எங்களுக்கு விளக்கிய கல்பனா என்ற பெண்ணும் நல்ல பெண். ஒரு கண்ணாடித் தம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் காலை ஒன்பது மணிக்கு ஒரு மாத்திரையைப் போட்டு மேசைமேல் வைத்தாள். அது ஊறவைத்த மொச்சை மாதிரி உப்பியது. சாயங்காலம் முகாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதும் தம்ளரின் அடியில் மொழுக்கென்று உட்கார்ந்திருந்தது.

“வயித்துலயும் இப்பிடித்தான் பொறுமையா இருக்கும்” என்றாள் கல்பனா. எல்லாரும் கைதட்டினோம்.

அது பிரஷர் மாத்திரை. ஊரில் பிரஷர் இருந்த இருபது பேர் பெயர் கொடுத்தார்கள். என் கணவரும் கொடுத்தார், அவருடைய தங்கை செல்வகுமாரியும் கொடுத்தாள். இருபது பேருடைய பிரஷர் நோட்டுகளும் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து மையத்துக்கு மாறின. மாற்றுவதற்கு ஒரு கையெழுத்து போதும் என்றார்கள். திரும்ப மாற்றுவதற்கு எத்தனை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

பிசின் முருங்கைப் பிசின். எங்கள் வாய்க்கால் ஓரத்தில் நாற்பது முருங்கை மரங்கள் இருந்தன. பூச்சி துளைத்த இடத்தில் வெள்ளையாக வடிந்து, வெயிலில் சிவந்து காய்வதைச் சுரண்டி எடுத்து மையத்துக்குக் கொடுப்போம். அதற்காக அவருக்கு ‘முன்னோடிப் பிசினாளர்’ என்று ஒரு பட்டம் கொடுத்து, பிறந்த குழந்தையை ஏந்துவதுபோலப் பிசினை ஏந்திக்கொண்டிருக்கும்படி படம் எடுத்து, வாசலில் பேனர் கட்டினார்கள். அந்தப் பேனரைத் தாண்டிப் போவதற்காகவே அவர் வில்லியனூரில் வேலை உண்டாக்கிக்கொண்டார். முதல் வருஷம் முழுதும் பிரஷர் சரியாக இருந்தது. “என் மரம் என்னப் பாத்துக்குது” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார்.

போன ஐப்பசியில் மழை விடவில்லை. முருங்கைப் பிசின் காயாமல் குழம்பு மாதிரி வழிந்து மழையோடு போய்விட்டது. மையத்துக்கோ கார்த்திகைக்குள் பதினைந்து கிலோ வேண்டும், மாசியில் டில்லியிலிருந்து ஒரு குழு பார்வையிட வருகிறது. ஆறு கிலோதான் தேறியது என்று அவர் போய்ச் சொன்னார். தரப்பிரிவு அதிகாரி தமிழ்க்குமரன், முன்னோடி என்று பட்டம் வாங்கியவர் மழைக்கும் முன்னால் ஓடியிருக்க வேண்டாமா என்று கேட்டாராம். என் கணவர் தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு வந்தார்.

அந்த வாரம் பாகூரில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒன்பது கிலோ கருவேலம் பிசின் வாங்கிவந்தார். முதல் தரம், கண்ணாடி மாதிரி இருந்தது. முருங்கைப் பிசினைவிட விலை கூடுதல். இது கலப்படம் ஆகாதா என்று கேட்டேன்.

“மட்டமானதச் சேத்தாதான்டி கலப்படம். நான் ஒசத்தியானதுல்ல சேக்கறேன். நெய்யில வறுத்துப் புள்ள பெத்தவளுக்குக் குடுக்கறது இது. ஊரு நல்லா இருக்கட்டும்.”

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இரண்டையும் உரலில் பொடித்து முறத்தில் போட்டுக் கலந்தவை என்னுடைய இந்தக் கைகள். கருவேலம் பிசின் தண்ணீரில் கரைந்துவிடும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. அங்கன்வாடியில் சுவரில் படம் ஒட்டுவதற்கு எத்தனையோ முறை நானே கரைத்திருக்கிறேன். தெரிந்தது வேளைக்கு ஞாபகம் வரவில்லை.

தை மாதத்தில் மேடை போட்டு, அந்தப் பதினைந்து கிலோவும் நூறு சதவீதம் தூய முருங்கைப் பிசின் என்று சான்றிதழ் வாசித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, “நூறுன்னே போட்டுட்டாங்களே” என்று மெதுவாகச் சிரித்தார். அதுதான் அவர் மனம்விட்டுச் சிரித்த கடைசிச் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

அந்தப் பிசினில் செய்த புது மாத்திரை வந்த முதல் நாள் எட்டேகால் மணிக்கு, மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தரை ஆடுகிறது என்றார். முகம் சாம்பலாக இருந்தது. ஒன்பது மணிக்குச் சரியாகிவிட்டது. சாயங்காலம் தலை வெடிக்கிறது என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை உலை வைத்துவிட்டு, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிய்த்து வெந்நீர்த் தம்ளரில் போட்டேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தேன். மாத்திரை இல்லை. நீராகாரம் மாதிரி கலங்கிய தண்ணீர்தான் இருந்தது. நாற்பது நிமிஷம்.

தம்ளரைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு வேண்டிய மருந்து நாற்பது நிமிஷத்தில் உடம்பில் இறங்கிவிடுகிறது, சாயங்காலத்துக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “இருபது பேரு முழுங்கறாங்களேடி” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன்.

செய்த தப்பை ஒப்புக்கொள்வது இவ்வளவு கஷ்டமான காரியம் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது.

கல்பனா கேட்டதும் வெளிறிப்போனாள். அந்தக் கட்டடத்தில் என் பயம் இன்னொருவர் முகத்தில் தெரிந்தது அவளிடம் மட்டும்தான். அவசரமாகப் புகார்ப் படிவம் எடுத்து எழுதினாள். புகார் கொடுப்பவர் சுப்புராயன், புகாருக்கு உள்ளானவர் சுப்புராயன். கணினி அதை ஏற்கவில்லை. இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர் வரக்கூடாதாம். வேறு யாராவது அவர்மேல் புகார் கொடுக்கட்டும் என்றாள். நான் கொடுக்கிறேன் என்றேன். ஒரே கதவு எண்ணிலிருந்தும் வரக்கூடாதாம்.

தமிழ்க்குமரன் எங்களை உட்காரவைத்தே பேசினார். மரியாதையான மனிதர்.

“நூறு சதவீதம்னு நாங்க சான்று குடுத்தாச்சு. இப்ப நீங்க வந்து இன்னொரு அறுபது சதவீதம் வேறன்னு சொன்னா மொத்தம் நூத்தி அறுபது ஆவுது. அப்படி ஒரு மாத்திரைய எங்கயும் செய்ய முடியாதுங்க.”

“சார், நான்தான் கலந்தேன். இந்தக் கையால” என்றேன்.

“நீங்க கலந்தேன்னு நெனைக்கறீங்க. அது உங்க அனுபவம். அனுபவத்த நாங்க மதிக்கிறோம். ஆனா அதுக்குப் பதிவேட்டுல எடம் இல்ல.”

இயந்திரத்தில் போட்டுப் பாருங்கள் என்று நான் கேட்டேன். பக்கத்து அறையைத் திறந்து காட்டினார். ஆறு கண்ணாடிக் குடுவைகள். உள்ளே துடுப்பு சுற்றும், வயிற்றின் சூட்டில் தண்ணீர் இருக்கும், மாத்திரை எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று காட்டிவிடும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருக்க, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு ரிப்பன் கட்டியிருந்தார்கள். டில்லிக் குழு பார்வையிடும்வரை அது புதிதாக இருக்க வேண்டும், சோதனை செய்தால் கறை படியும் என்றார். முதல் வருஷ மாத்திரையை அது ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒருமுறை ஏற்றுக்கொண்டதை மறுபடி மறுபடி கேட்பது இயந்திரத்தைச் சந்தேகப்படுவதாகுமாம்.

பிறகு என் தம்ளரைப் பற்றி விசாரித்தார்கள். அதற்கு அங்கீகாரம் உண்டா, கொள்ளளவு என்ன, எந்தக் கடையில் வாங்கியது. மறுநாள் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன். அதை அளந்து, எண் ஒட்டி, ரசீது கொடுத்து அலமாரியில் பூட்டிவிட்டார்கள். வீட்டில் வேறு தம்ளர் இருந்தது. தினமும் அதில் ஒரு மாத்திரையைப் போட்டுப் பார்த்தேன்.

அவர் மாத்திரையை நிறுத்தவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டோம். நர்ஸ் சகாயராணி பிரஷர் பார்த்துவிட்டுக் கலங்கினாள், ஆனால் நோட்டு மையத்தில் இருக்கும்போது இங்கே மாத்திரை எழுத முடியாது என்று சொல்லிவிட்டாள். சரி, வெளிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

“இருபது பேருக்கும் வாங்குவியா? நான் கலந்தத ஊரு முழுங்குது. நான் மட்டும் துப்பிட்டுக் கடையில வாங்கி முழுங்கணுமா? இன்னா பேச்சு பேசற நீ?”

மற்றப் பத்தொன்பது பேரின் வீட்டுக்கும் போய் நாங்கள் சொல்லாமல் இல்லை. கேட்டவர்கள் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், சான்றிதழ் கொடுத்த அதிகாரி பொய் சொல்வாரா, நீ சொல்கிறாயா என்று கேட்டார்கள். செல்வகுமாரிக்கும் காலையில் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வந்தது. அவள் அதற்கு வெள்ளிக்கிழமை விரதத்தைக் காரணம் சொன்னாள்.

“பேனரு கட்டுனதுலருந்து உனுக்குத் தலகால் புரியலண்ணே. நல்லாக்கீறதும் உன்னாலதான், நாசமாப் போறதும் உன்னாலதானா?” என்று அண்ணனைக் கேலி செய்தாள். அவர் வெளியே வந்து, வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி எட்டரை.

பிறகு அவர் ஒரு காரியம் செய்யத் தொடங்கினார். தினமும் மாத்திரை விழுங்கிய நேரம், தலை சுற்றிய நேரம், தெளிந்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி மையத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர்கள் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை வைப்பார்கள். முத்திரை வாங்கிக்கொண்டு வருவார். இருபது தாளைப் பார்த்தால் இருபத்தோராவது தாளுக்கு யாராவது தலையைத் தூக்குவார்கள் என்று அவர் நம்பினார். நான் நம்பவில்லை. ஏழு மணிக்கு அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எட்டு மணிக்கு அவர் மூச்சை எண்ணுவேன். அவர் மாட்டிடம் போனால் நானும் போவேன், கழனிக்குப் போனால் நானும் போவேன். ஒருநாள் அட்டையை அரிசிக்குள் ஒளித்துவைத்தேன். செல்வகுமாரி வீட்டில் ஒன்று வாங்கி விழுங்கிவிட்டு வந்தார்.

பதினாறாம் நாள் இயக்குநர் நாகராஜன் எங்களைப் பார்க்கச் சம்மதித்தார். முடி வெளுத்த, நிதானமான மனிதர். எங்களுக்கு இளநீர் வரவழைத்தார். என் கணவர் எல்லாவற்றையும் மறுபடி சொல்லி, தன்மேல் நடவடிக்கை எடுக்கும்படி கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ஒரு நிறுவனம் எதை நம்பி நிக்குது, சொல்லுங்க பார்ப்போம். உண்மையை நம்பியா? உண்மை தினம் ஒண்ணு வரும். இன்னிக்கு நீங்க கொண்டு வர்றீங்க, நாளைக்கு இன்னொருத்தர் கொண்டு வருவார். ஒவ்வொருத்தர் உண்மைக்கும் நாங்க எழுந்து நின்னா எப்ப உட்கார்றது? பதிவேடு மாறாது. அதனாலதான் மக்கள் எங்களை நம்பறாங்க. உங்க மேல நடவடிக்கை எடுக்க மாட்டோம், பயப்படாதீங்க. ஏன்னா நீங்க எந்தத் தப்பும் செய்யலை. சான்றிதழ் அப்படித்தான் சொல்லுது.”

வெளியே பேனர் காற்றில் படபடத்தது. அவர் அதைப் பார்க்காமல் சாலையின் மறுபக்கம் நடந்தார்.

இருபத்திரண்டாம் நாள் புதன்கிழமை. எட்டு மணிக்கு அவர் வாய்க்கால் ஓரம் மரங்களைப் பார்க்கப் போனார். பின்னாலேயே போக நான் செருப்பைப் போட்டேன். வாசலில் கல்பனா நின்றாள். டில்லிக் குழுவுக்குக் கொடுக்கக் கருத்துப் படிவம் வேண்டும், பதினொரு மணிக்குள் சேர்க்க வேண்டும், குடும்பத்தார் நிரப்பினால் போதும் என்றாள். அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. ஐந்தே கேள்விதான். மாத்திரை எப்படி இருக்கிறது என்பதற்கு இரண்டு விடைகள் அச்சாகியிருந்தன: திருப்தி, மிகவும் திருப்தி. மூன்றாவதாக ஏதாவது எழுத இடம் இருக்கிறதா என்று நான் தாளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாய்க்கால் பக்கமிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மதகின் சிமெண்ட் விளிம்பில் தலை பட்டிருந்தது. பேனாவின் மூடி என் கையில் இருந்தது. அரியூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மையம் உடனே ஒரு விசாரணைக் குழு அமைத்தது. மூன்று நாளில் அறிக்கை வந்தது. எனக்கும் ஒரு நகல் கொடுத்தார்கள். இறந்தவர் மாத்திரை விழுங்கியது ஏழு மணி, விழுந்தது எட்டேகால் மணி. மாத்திரை கரைய ஆவது பன்னிரண்டு மணி நேரம். எனவே அவர் விழுந்தபோது மருந்தில் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் இறங்கியிருக்க முடியும். பத்தில் ஒரு பங்கு மருந்து ஆளைத் தள்ளாது. மீதி ஒன்பது பங்கு வேலை செய்வதற்குள் அவர் இறந்துவிட்டதால் மாத்திரைக்குத் தன்னை நிரூபிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று குழு வருந்தியது. அவர் கொடுத்த தாள்களைப் பற்றி, அவை அனைத்தும் முறையாகப் பெறப்பட்டுள்ளன என்று ஒரு வரி இருந்தது.

அடுத்த வாரம் மையத்தில் இரங்கல் கூட்டம். போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். செல்வகுமாரியும் மற்ற பதினெட்டுப் பேரும் அன்று காலையும் மாத்திரை விழுங்கியிருந்தார்கள். அறிக்கையைப் படித்துக் காட்டியதும் அவர்களுக்கு மாத்திரைமேல் இருந்த சந்தேகமும் போய்விட்டது. அண்ணன் கால் வழுக்கித்தான் விழுந்தார் என்று செல்வகுமாரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழும்போதே அவள் உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. நான் தாங்கிப் பிடித்தேன். அவளுக்காகத்தான் போனேன். போய் என்ன செய்வது என்று தெரியாது.

மேடையில் என்னை இயக்குநருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எதிரே மாலை போட்ட படம். பேனரிலிருந்து வெட்டி எடுத்தது, பிசினை ஏந்திய கைகள் பாதிதான் இருந்தன. மேசைமேல் அவரவருக்கு ஒரு கண்ணாடித் தம்ளரில் வெந்நீர் வைத்திருந்தார்கள். இயக்குநருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் எல்லாருக்குமே வெந்நீர். அவர் பேச எழுந்தார்.

என் புடவை முந்தானையில் நான்கு மாத்திரைகளை முடிந்து வைத்திருந்தேன். அவர் விழுங்காமல் மீந்தவை. வெந்நீரைப் பார்த்ததும் கை தானாகப் போனது. துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருபது நாள் தம்ளரில் மாத்திரை போட்டுப் பார்த்த கை அது. நான்கையும் என் முன்னால் இருந்த தம்ளரில் போட்டேன். ஒன்று விளிம்பில் பட்டு ‘டிங்’ என்றது. முன்வரிசையில் இருந்த செல்வகுமாரி பார்த்தாள். அவள் பக்கத்தில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

இயக்குநர் பொறுமையைப் பற்றிப் பேசினார். மரம் பொறுமையானது, பிசின் பொறுமையானது, சுப்புராயன் பொறுமையின் வடிவம். அவசர யுகத்துக்கு இந்த மையம் கொடுக்கும் விடை நிதானம். பன்னிரண்டு மணி நேரம் என்பது வெறும் எண் அல்ல, ஒரு பண்பாடு. தம்ளரில் மாத்திரைகளின் ஓரம் மாவாக உதிர்ந்தது. பிறகு நடு பிளந்தது. முன்வரிசைக்காரர்கள் பேச்சாளரை விட்டுவிட்டுத் தம்ளரையே பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து எட்டிப் பார்த்தார். கூட்டம் ஆடாமல் அசையாமல் கேட்பதைக் கண்டு இயக்குநருக்குக் குரல் உயர்ந்தது. முப்பத்தைந்து நிமிஷத்தில் தண்ணீர் வெள்ளையாகிவிட்டது.

சான்றிதழைச் சட்டம் போட்டு என் கையில் கொடுத்து, இது ஒரு தூய மனிதரின் நினைவு என்று சொல்லி முடித்தார். உட்கார்ந்தார். அவருடைய தம்ளர் காலியாக இருந்தது. கை நீட்டி என்னுடையதை எடுத்தார்.

இதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு கணம் நான் வாயைத் திறக்கவில்லை. தம்ளர் மேசையிலிருந்து அவர் மோவாய்க்குப் போகிற அந்த நேரம் முழுதும் நான் சும்மா இருந்தேன். நான் நான்தானா என்று எனக்கே பயமாக இருந்தது. பிறகு அவர் தொண்டையைப் பார்த்தேன். ஏறி இறங்கத் தயாராக இருந்த தொண்டை.

“குடிக்காதீங்க சார்” என்றேன். “உங்க மாத்திர. நாலு போட்டிருக்கேன்.”

மைக் அணைக்கப்படவில்லை. எல்லாருக்கும் கேட்டது.

அவர் தம்ளருக்குள் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நூறு சதவீதம் தூய பிசின், பன்னிரண்டு மணி நேரப் பொறுமை, அறிக்கையின்படி ஆளைத் தள்ளாத மருந்து. நான்கு மாத்திரையாகவே இருக்கட்டும், அவர் கணக்குப்படி அரைமணியில் அதில் என்ன இறங்கியிருக்கப்போகிறது. ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சிரித்திருந்தால் ஊர் இன்றைக்கும் அவர் பக்கம்தான் இருந்திருக்கும்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். வைத்தவர், ஒற்றை விரலால் அதைத் தன்னிடமிருந்து இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்தார்.

செல்வகுமாரி எழுந்து மேடைக்கு வந்து, இடுப்பில் செருகியிருந்த மாத்திரை அட்டையை எடுத்து அந்தத் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது.